அளவுகோல் இல்லாத படம்

சென்ற ஆண்டு தசரா முடிந்த வாரம் அது. மைசூரில் சாலையோரங்களில் தொங்கவிட்டிருந்த அலங்கார விளக்குச் சரங்களை ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க் கூட்டம் வடிந்துவிட்டது. அக்ரஹாரத்தில் நான் தனியாக இருக்கும் வீட்டில், காலை வெயில் என் மேஜையை எட்டியிருந்த நேரத்தில், கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அன்று அவர் கேட்ட ஒரு கேள்வி என் காலைக் காப்பாற்றியது. அது எப்படி என்று சொல்ல, முதலில் என் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

புண் பராமரிப்பு பற்றிய ஓர் இணைய மருத்துவ இதழை நான் நடத்துகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஓர் ஆங்கில நாளிதழில் செய்திகளைத் திருத்தும் துணை ஆசிரியராக இருந்தேன். மைசூர் அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தபோது என் வேலையும் போனது. வேறு வேறு ஊர்களில் இருக்கும் சில அறுவை மருத்துவர்கள் சேர்ந்து இந்த இதழைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஒழுங்காக ஆங்கிலம் எழுதக்கூடிய, கெடு தவறாத ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆசிரியர் குழுவில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. மற்ற எல்லாவற்றையும் என் மேஜையிலிருந்து நான் செய்கிறேன்.

கட்டுரை வந்தால் மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவேன். அவர்கள் மறந்துவிடுவார்கள். பணிவாக நினைவூட்டுவேன். கட்டுரையில் எதையாவது உண்மை என்று சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், அதற்கான ஆதாரத்தைக் காட்டும் ஒரு சிறிய எண் இருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் வாக்கியத்தை நீக்குவேன். பிறகு படங்கள். புண்ணைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு காகித அளவுகோல் வைக்க வேண்டும் என்பது விதி. அளவு தெரியாத புண்ணால் யாருக்கும் பயன் இல்லை. வெளிச்சம் நேராக விழ வேண்டும். ஆள் அடையாளம் தெரியக் கூடாது. முகம் வந்திருந்தால் வெட்டுவேன். கையில் பச்சை குத்தியிருந்தால் மறைப்பேன். இப்படி எத்தனையோ ஆண்டுகளாக, முகம் இல்லாத கால்களைப் பார்த்து வருகிறேன். காலை இட்லியைச் சாப்பிட்டபடியே அழுகிய குதிகாலை நிறம் சரிபார்க்கப் பழகிவிட்டேன்.

அப்பா ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்து திருச்சியிலிருந்து இங்கே வந்தவர். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா இருந்தவரை இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அதன் பிறகு நான் ஒருத்தி. அண்ணன் கனடாவில் இருக்கிறான், பண்டிகைக்குப் பேசுவான். மதிப்பீட்டாளர்களும் ஆசிரியர் குழுவும் எனக்கு மின்னஞ்சல் முகவரிகள்தான். தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவருபவரிடம் 'பேடப்பா', வேண்டாமப்பா, என்று சொல்வது மட்டுமே ஒரு முழு நாளில் நான் வாய் திறந்து பேசியது என்று ஆகிவிடும் நாட்கள் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

இதழில் நோயாளிகளுக்காகவும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். சர்க்கரை நோயாளிகள் காலைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். கன்னடத்தில் வேறொருவர் எழுதினார். தமிழில் நான் எழுதினேன். வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிப் போனது அது. ஆங்கிலத்தில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. தனியாக இருப்பவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் காலைப் பிடித்துப் பார்க்கலாம் என்று.

அந்த வரியை வெட்டிவிட்டேன். தொலைபேசித் திரையில் பக்கம் சற்று நீண்டுபோயிருந்தது. இடம் போதாவிட்டால் கடைசி வரியை எடுப்பது நாளிதழ்ப் பழக்கம். தவிர, நம் ஆட்களில் யார் தனியாக இருக்கிறார்கள் என்றும் தோன்றியது. நான்கு அறைகள் உள்ள வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தேன்.

இதழின் தொடர்பு எண் என் கைப்பேசி எண்தான். அந்தப் பக்கம் வந்த பிறகு, இது ஏதோ ஆஸ்பத்திரி என்று எண்ணிச் சிலர் அழைப்பார்கள். இது பத்திரிகை, வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, பக்கத்தில் இருக்கும் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிடுவேன். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.

மார்டள்ளிப் பெண் விடவில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் முதல் முறை அழைத்தார். கணவருக்குச் சர்க்கரை. மக்காச்சோளம் அறுத்த காட்டில் நடந்தபோது வெட்டிய தட்டையின் அடிக்கட்டை உள்ளங்காலில் குத்தியிருக்கிறது. ஊரில் கட்டுப் போட்டும் ஆறவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேசத் தெரியும், படித்ததெல்லாம் கன்னடப் பள்ளியில், அதனால் தமிழ் எழுத்து அவ்வளவாக வராது. மகள் போனில் ஏதோ ஏற்பாடு செய்து கொடுத்திருந்தாள். வாயால் கேட்டால் அது தேடும், வந்த பக்கத்தைப் படித்தும் காட்டும். 'காலுப் புண்ணு ஆறுல' என்று இவர் சொல்ல, அது என் பக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறது.

நான் வழக்கம்போல, இது பத்திரிகை என்றேன்.

"பத்திரிகைன்னா இவரு காலைப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

போட மாட்டோம், இது டாக்டர்களுக்கான பத்திரிகை என்றேன். டாக்டருங்களுக்குப் போயி எதுக்குங்க பத்திரிகை, அவியளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று மட்டும் அழுத்திச் சொன்னேன்.

கூட்டிப்போனார். போய்வந்த விவரத்தை எனக்கு அழைத்துச் சொன்னார். அடுத்த வாரமும் சொன்னார். சொல்ல வேண்டியதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் அழைப்பு வரத் தாமதமானபோது, போனில் ஒலி குறைந்திருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். மேடம் என்று தொடங்கியவர் எப்போது அக்கா என்று மாறினார் என்று கவனிக்கவில்லை. என் பக்கத்தை அது படித்துக் காட்டக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. நாளிதழில் இருந்த அத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய வாக்கியத்தை எனக்கே திருப்பிச் சொன்ன வாசகர் யாரும் இல்லை.

ஒருநாள் வீடியோ அழைப்பில் வந்தார். புண்ணைப் பார்க்கச் சொன்னார். என் பக்கத்துக் கேமராவை நான் போடவில்லை. அவர் வீட்டு வாசல் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவர் காலைக் காட்ட மறுத்தார். படித்த அம்மா முகத்துக்கு நேராகக் காலை நீட்டுவதா, பாவம் இல்லையா என்றார். அந்தம்மாவுக்கு உன் மூஞ்சி வேண்டாம், காலுதான் வேணும், நீட்டு என்று மனைவி அதட்டினார். கடைசியில் நீட்டினார். புண் சுத்தமாக, சிவப்பாக, ஓரங்கள் உள்ளே வளரத் தொடங்கி இருந்தது. நன்றாக இருக்கிறது, ஆனாலும் டாக்டர் சொல்வதுதான் கணக்கு என்றேன்.

"இத்தன வருசத்துல இவரு மூஞ்சியக் கூட இம்புட்டு நேரம் பாத்ததில்லீங்க்கா. இந்தக் காலத்தான் தெனம் பாக்கறேன்" என்றார் அவர்.

கணவர் காலை இறக்கினார். பிறகு மனைவியின் கையிலிருந்த போனை வாங்கி, அதன் திரையை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கால் பட்டுவிட்டால் செய்வோமே, அப்படி. அழைப்பு முடிந்த பிறகும் அது என் கண்ணில் நின்றது. ஒரு காலையும் அதற்குரிய முகத்தையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இனி அந்தத் தசரா வாரத்துக்கு வருகிறேன்.

அன்று மார்டள்ளிப் பெண் நல்ல செய்தி சொல்லத்தான் அழைத்தார். புண் ஏறக்குறைய மூடிவிட்டது. டாக்டர் மெச்சினாராம், வீட்டில் யார் கவனிப்பது என்று கேட்டாராம். நான் ஒரு கட்டுரையின் ஆதார எண்களைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போதோ பேச்சுவாக்கில், எனக்கும் சர்க்கரை உண்டு, பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அது அவருக்கு நினைவிருந்தது.

"ஏனுங்க்கா, இவரு காலை நான் பாக்கறனுங்க. உங்க காலை யாருங்க பாக்கறது?"

நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். விட்டுவிடுவார் என்று எண்ணினேன்.

"அதெப்படீங்க? உள்ளங்காலு உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா? ஊட்ல இருக்கறவியள பாக்கச் சொல்லோணும்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

என் வாக்கியம்தான். வீட்டில் யாரும் இல்லை என்றேன். அந்த மூன்று சொற்களை வேறொரு மனிதரிடம் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது. அய்யோ பாவம் என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

"போனுதான் இருக்குதல்லங்க, கேமரா வெச்சது. ஒரு போட்டோ புடிச்சுப் பாருங்க. சித்த நேரத்துல நான் திருப்பிக் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். புண் இதழை நடத்துகிறவளுக்குப் பாடமா என்று ஒரு பக்கம். கட்டுரைக்குத் திரும்பினேன். ஆனால் அவர் திருப்பிக் கூப்பிடுவார், அவரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பது உறுத்தியது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, வலது காலைத் தூக்கி, போனைத் தாழப் பிடித்துக் குத்துமதிப்பாக ஒரு படம் எடுத்தேன். இடது காலையும் எடுத்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

வலது காலின் படத்தைப் பார்த்ததும் என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், அளவுகோல் வைக்கவில்லையே என்பது. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. கட்டுரையாளர் யாராவது இதை அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அடுத்து, பழக்கம் காரணமாக, படத்தைப் படித்தேன். பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் பந்து போன்ற மேட்டில், தடித்து வெளுத்த காய்ப்பு. நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் கருத்த பள்ளம். ஓரம் உள்ளே குடைந்திருக்கிறது. அங்கிருந்து விரலை நோக்கிச் சிவப்பு ஏறியிருக்கிறது. தொற்று, ஆழத்தைப் பார்க்க வேண்டும், எலும்பு வரை போயிருக்கலாம். இதெல்லாம் ஒரு கட்டுரையில் வந்திருக்கும் யாரோ ஒருவரின் கால் போலவே மனத்தில் ஓடியது.

அப்போது படத்தின் கீழ் ஓரத்தில் சிவப்புத் தரை தெரிந்தது. அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட சிவப்புச் சிமென்ட் தரை. அதில் ஒரு மூலையில் விரிசல். எங்கள் வீட்டு விரிசல்.

அந்தக் கால் என்னுடையது.

வலி இல்லை. அதுதான் இந்த நோயின் சூழ்ச்சி என்று எத்தனை கட்டுரைகளில் திருத்தியிருக்கிறேன். பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கும் என்று தமிழ்ப் பக்கத்தில் எழுதியவளே நான்தான். என் கால் அப்படி இருந்ததை, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் மரத்துப்போகிறது என்று வைத்துக்கொண்டிருந்தேன். கசிந்த ரத்தம் இந்தத் தரையில் தெரிந்திருக்காது. வேறொருவர் வீட்டில் இருந்திருந்தால் கால்மிதியைத் துவைக்கும்போதாவது கண்டிருப்பார். கால்மிதியை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த கறை இருந்தது. நானும் அதைப் பார்த்திருக்கிறேன், காபி என்று நினைத்தேன்.

எழுந்து நிற்கப் பயமாக இருந்தது. அதுவரை அந்தக் காலால்தான் வீடெங்கும் நடந்துகொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டதும் தரையில் வைக்க முடியவில்லை. யாரை அழைப்பது என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஆசிரியர் குழு, மதிப்பீட்டாளர்கள், கேஸ், கூரியர், மின்சார வாரியம். கனடாவில் அப்போது எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

சொன்னபடி அவர் அழைத்தார். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

"ஏந்திரீங்க்கா. அந்தக் காலை ஊனாதீங்க. ஆட்டோவ ஊட்டு முன்னால வரச் சொல்லுங்க. போனை வெக்காதீங்க, நான் லைன்லயே இருக்கறேன்."

அவர் இருந்தார். நான் குதிகாலை ஊன்றி, சுவரைப் பிடித்து வாசலுக்கு வந்து, கதவைப் பூட்டி, ஆட்டோவில் ஏறும்வரை இருந்தார். போனை ஒலிபெருக்கியில் போடச் சொல்லி, ஓட்டுநரிடம் கன்னடத்தில் பேசினார். மெதுவாகப் போப்பா, அக்காவுக்குக் கால் சரியில்லை, குழியில் விடாதே என்று. ஓட்டுநர் பணிவாகத் தலையாட்டினார், அவர் எதிரே இருப்பது போல. பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, 'நிம் தங்கீனா?' என்று கேட்டார். உங்கள் தங்கையா? நான் ஹௌது, ஆமாம் என்றேன். சரிபார்க்காத ஒரு தகவலை உறுதியாகச் சொன்னது என் வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

வழியில் அவர் என் காலைப் பற்றிப் பேசவே இல்லை. மஞ்சளுக்குக் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றார். பக்கத்துக் காட்டில் இரவு யானை இறங்கியதைச் சொன்னார். மகள் கொள்ளேகாலில் கல்லூரிக்குப் போகிறாள், தமிழில் பேசினால் கன்னடத்தில் பதில் சொல்கிறாள் என்று குறைப்பட்டார். அலங்கார விளக்குகளைக் கழற்றும் ஏணிகளுக்கு நடுவே ஆட்டோ வளைந்து வளைந்து போனது. நான் 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் விவரம் எழுதிய பயிற்சி மருத்துவர், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையில் போனின் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது, அவர் லைனில்தான் இருந்தார். தங்கை, ஊரில் இருக்கிறாள் என்றேன்.

என்னைப் பார்த்த அறுவை மருத்துவர் எங்கள் இதழுக்குக் கட்டுரைகள் அனுப்புகிறவர். நேரில் பார்த்ததில்லை. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார். அந்த ஸ்கேல் மேடம் நீங்கள்தானா என்றார். அவருடைய படங்களை அளவுகோல் இல்லை என்று நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். சட்டைப் பையிலிருந்து காகித அளவுகோலை எடுத்து என் காலுக்கு அருகில் வைத்தார். 'ஈ சல ஸ்கேல் இட்டித்தீனி மேடம்' என்றார். இந்த முறை அளவுகோல் வைத்திருக்கிறேன் என்று. படம் எடுத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. காய்ப்பைச் சீவி எடுத்தபோது பள்ளம் நான் படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. கத்தி போகும் இடத்தைப் பார்க்க முடிந்தது, உணர முடியவில்லை.

செருப்பைக் காட்டச் சொன்னார். வலது செருப்பின் அடியில் ஒரு சிறிய ஆணி ஏறி, அதன் முனை உள்பக்கம் வரை வந்திருந்தது. தேய்ந்து பளபளத்தது. நாட்காட்டி மாட்டும் ஆணியாக இருக்கலாம். அதன் மேல் எவ்வளவு காலம் நடந்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது. செருப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள் என்ற வரியும் நான் எழுதியதுதான்.

தொற்று எலும்புக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பெருவிரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும், அதோடு நின்றிருக்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ஒரு வாசகர் கேட்டார் என்றேன்.

அதன் பிறகு ஆறிய கதை நீளமானது, சுவாரசியம் இல்லாதது. பாதத்தில் எடை விழாமல் ஒரு கட்டு. இரண்டு நாற்காலிகள், ஒன்றில் நான், ஒன்றில் கால். இதழ் ஒரு நாளும் தாமதமாகவில்லை. காய்கறிக்காரர் வாசலில் பையை வைத்துவிட்டுப் போனார். ஆனால் காலையில் ஒரு காரியம் புதிதாகச் சேர்ந்தது. கட்டு மாற்றும் நாட்களில் மார்டள்ளியிலிருந்து வீடியோ அழைப்பு வரும். முதலில் அந்தக் கால், பிறகு இந்தக் கால்.

முதல் நாள் என்னால் முடியவில்லை. இரண்டு பேர் முகத்துக்கு எதிரே உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கணவர் அன்று ஏன் அப்படி மறுத்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு காட்டினேன். அவர்கள் இருவரும் சாவகாசமாகப் பார்த்தார்கள், பேசிக்கொண்டார்கள். என்னுதைவிடச் சின்னதுதான், என்ன இப்போ என்று கணவர் பெருமையாகச் சொன்னார். உனக்குப் புண்ணுலயும் போட்டியா என்றார் மனைவி. காட்டி முடித்ததும், யோசிக்காமலே, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கட்டு பிரித்த நாளில் அவர் ஒன்று கேட்டார்.

"காலு சரியாப் போச்சு. உங்க மூஞ்சிய ஒருக்காக் காட்டுங்க்கா. இத்தன நாளு பாத்ததே இல்ல."

உண்மைதான். எப்போதும் கேமராவைக் காலுக்குத்தான் திருப்பியிருந்தேன், தொழில் பழக்கம். முகத்தை நானே வெட்டியிருக்கிறேன். போனைத் திருப்பினேன். தலை வாரவில்லை. மூக்கில் கண்ணாடி. அவர் காலைப் பார்த்த அதே நிதானத்தோடு என் முகத்தைப் பார்த்தார். புண் தேடுகிறாரோ என்று தோன்றியது. கொஞ்சம் நல்லாச் சாப்புடுங்க என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இதனால் என் வாழ்க்கை தலைகீழாக மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். வீடு அதே வீடுதான். நான் மார்டள்ளிக்குப் போனதில்லை, அவர்களும் இங்கே வந்ததில்லை. அறுவடைக் காலத்தில் அழைப்புகள் குறைந்துவிடும், அது இயல்பு. பல நாட்களில் 'பேடப்பா' என்பதற்கு மேல் இன்றும் நான் பேசுவதில்லை. ஆனால் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரு உள்ளங்கால்களையும் படம் எடுத்து மார்டள்ளிக்கு அனுப்புகிறேன், அளவுகோல் வைத்துத்தான். அங்கிருந்தும் இரண்டு வருகின்றன. 'பாத்தாச்சு' என்று அவர் குரலில் ஒரு செய்தி வரும். அவ்வளவுதான். அதற்காகக் காத்திருக்கிறேன்.

தமிழ்ப் பக்கத்தில், நான் வெட்டிய வரியைத் திரும்பச் சேர்த்தேன். அதன் கீழே நானாக ஒரு வரியும் எழுதினேன். தனியாக இருப்பவர்கள், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, யாராவது ஒருவரைத் தொலைபேசியிலாவது உங்கள் காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று. குழுவில் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். கண்ணாடிக்கு ஆதாரம் இருக்கிறது, அடுத்த வரிக்கு ஆதார எண் எங்கே, நீங்கள்தானே எங்களைக் கேட்பீர்கள் என்று. எந்த ஆய்வைக் காட்டுவது? கிடைக்கும்போது சேர்க்கிறேன் என்று பதில் எழுதினேன்.

இன்றும் எங்கள் இதழில் ஆதார எண் போடாமல் நிற்கும் ஒரே வாக்கியம் அதுதான். அதற்கான ஆதாரத்தின் மேல்தான் நான் ஒவ்வொரு காலையும் எழுந்து நிற்கிறேன்.